நின்ற காருக்கு வழிவிட்ட கதை

ஓடுகிற காருக்கு ஒதுங்கி வழிவிடுவது எல்லோரும் செய்வது. நின்றுகொண்டிருக்கிற காருக்கு ஒதுங்கி, விரித்த குடையையும் மடக்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, கொட்டுகிற மழையில் ரோட்டோரத் தண்ணீர்க் கானுக்குள் இறங்கி அரை நாள் நின்றவன் நான் ஒருவன்தான். இல்லை, தவறு. என்னோடு ஒரு தோட்டமே நின்றது. ஆனால் அவர்களை அங்கே கூட்டிக்கொண்டு வந்தவன் நான். என் சொந்தக்காரர்கள் இதைக் கைகால் ஒட்டவைத்துச் சொல்வதற்குள் நானே சொல்லிவிடுவது மானத்துக்கு நல்லது.

சென்னையில் நகரமைப்பு ஆபீஸ் ஒன்றில் வரைபடங்களுக்கு வர்ணம் தீட்டுவது அப்போது என் உத்தியோகம். முதல் தர ரோட்டுக்குச் சிவப்பு, இரண்டாம் தரத்துக்கு மஞ்சள், மூன்றாம் தரத்துக்கு ஒரு மெல்லிய கறுப்புக் கோடு. அதற்கும் கீழே இருப்பவை கடவுள் விட்ட வழி. திருவல்லிக்கேணியில் நான் குடியிருந்த சந்து அந்தப் படத்தில் கிடையாது. வரைந்தவன் நான், விட்டவனும் நான்.

"ரோட்டுக்கு ரெண்டு வேலை அய்யா" என்பார் எங்கள் பெரிய என்ஜினீயர். ஆளை விரைவாகத் தாண்டிப் போகவிடுவது ஒன்று, ஆளை அவன் வீட்டு வாசலில் கொண்டுபோய் இறக்குவது மற்றது. தாண்டிப் போகவிடுகிற ரோட்டுக்குத்தான் உயர்ந்த தரம். வாசலுக்கு வருகிற ரோடு கடைசித் தரம். இதைக் கேட்ட நாளிலிருந்து எனக்கு உள்ளூர ஒரு பெருமை. ஓரிடத்தில் உட்கார முடியாமல், காலில் சக்கரம் கட்டியவன் என்று வீட்டில் திட்டு வாங்குகிறவன் நான். கணக்குப்படி பார்த்தால் நான் முதல் தரம்!

இலங்கை மலைநாட்டில் என் அக்கா மரகதம் இருந்தாள். அவள் கணவர் நோர்வூட்டுக்கு அப்பால் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கணக்கப்பிள்ளை. மகள் பூரணம் பெரியவளாகிவிட்டாள், தாய்மாமன் வந்தால்தான் சடங்கு என்று தந்தி வந்தது. பாஸ்போர்ட், விசா என்று நான் ஏறி இறங்கிய படிகளின் புராணம் இங்கே வேண்டாம். நான் கிளம்பியதே தாமதம் என்பதை மட்டும் சொல்லிவைக்கிறேன்.

அட்டனில் ரயிலை விட்டு இறங்கியதும் பல் தந்தியடிக்க ஆரம்பித்தது. மெல்லிய ஜிப்பாவும் வேஷ்டியும் உடுத்து, தலையில் சீர்த்தட்டு மூட்டையோடு பஸ்ஸில் ஏறினேன். அந்த பஸ் சரிவில் நிற்கும்போதெல்லாம் ஓர் ஆள் கீழே குதித்து, பின்சக்கரத்தடியில் மரக்கட்டை ஒன்றைச் செருகுவான். பிறகு அதை உருவி எடுத்துக்கொண்டு ஓடிவந்து தொற்றிக்கொள்வான். ஒரு தடவை பஸ் கிளம்பிவிட்டது, கட்டை வந்துவிட்டது, ஆள் வரவில்லை. எனக்கு முன்னால் இருந்த சிங்களப் பெண்கள் இருவர் என்னைத் திரும்பிப் பார்த்து ஏதோ சொல்லிச் சிரித்தார்கள். பக்கத்தில் இருந்தவரிடம் அர்த்தம் கேட்டேன். "ஒண்ணுமில்லீங்க. பஸ் ஆடுறதக் காட்டிலும் இந்த மனுசன் கூட ஆடுறார்ங்கிறாங்க."

நோர்வூட்டில் வாடகைக் கார் பிடித்தேன். தோட்டத்து ரோடு பிரிகிற முச்சந்தியில் அதுவும் நின்றுவிட்டது. எதிரே இரண்டு கல் தூண், நடுவே என் கை மொத்தத்தில் ஒரு சங்கிலி. சங்கிலிக்கு இந்தப் பக்கம் தார் போட்ட சர்க்கார் ரோடு, அந்தப் பக்கம் தோட்டத்து ரோடு.

"தொரை துண்டு இருக்கா?" என்றான் காவல்காரன்.

தோட்டத்தை நடத்தும் வெள்ளைக்காரத் துரை எழுதிக் கொடுக்கும் அனுமதிச் சீட்டுக்குத்தான் துண்டு என்று பெயராம். என்னிடம் இருந்த துண்டு தோளில் கிடந்தது. அதைக் காட்டினேன். அவன் சிரிக்கவில்லை.

முச்சந்தியில் கடை வைத்திருந்த காசிம் நானா என்னைக் கூப்பிட்டார். "உள்ளுக்கு வாங்க தம்பி. கணக்கப்புள்ளட மச்சானா? சாமானெல்லாம் நனையுதே." தேயிலை மலையின் நடுவில் உட்கார்ந்து அவர் ஊற்றிக் கொடுத்த தேத்தண்ணீர் வெறும் தூள். நல்ல தேயிலையெல்லாம் கப்பலேறிவிடுமாம். சூடான தேங்காய் ரொட்டியும் கண்ணில் நீர் வரவழைக்கும் கட்டச்சம்பலும் வந்தன. அதற்குப் பிறகுதான் என் பல் தந்தியை நிறுத்தியது.

அக்காவின் கணவரான என் மச்சான் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்து என்னை அழைத்துப் போனார். மழை தூறிற்று. குடையை விரித்தேன். கொஞ்ச தூரம் போனதும் அவர் குரலைத் தாழ்த்தினார். "மாப்புள, கார் சத்தம் கேட்டா குடைய மடக்கிட்டு ஓரமா கானுக்குள்ள இறங்கிடுங்க."

"எதுக்கு?"

"பழக்கம். இங்க தொரை கார் மட்டுந்தானே வரும்."

நான் ரோட்டின் நடுவில் நின்று, சுதந்திர நாட்டுக் குடிமகனின் குடை யாருக்கும் மடங்காது என்று ஒரு சிறு சொற்பொழிவு ஆற்றினேன்.

"இங்கயும் சுதந்திரம் வந்துருச்சு மாப்புள. தொரைதான் இன்னும் போகல" என்றார் அவர்.

அவர்கள் இருந்தது கீழ்க்கணக்கு என்கிற பிரிவில். தொழிலாளர்கள் குடியிருக்கும் லயங்களுக்குக் கொஞ்சம் மேலே தனி வீடு. அக்கா என்னைப் பார்த்து அழுதாள். பிறகு, ஏன் இப்படிக் கறுத்துப்போனாய் என்று திட்டினாள். பூரணம் மூலையிலிருந்து எட்டிப் பார்த்தாள். இரவு அவளுக்கு என் வீரத்தையெல்லாம் அளந்தேன். மவுண்ட் ரோட்டுக்குச் சிவப்புத் தீட்டியது யார் தெரியுமா, இந்தக் கைதான் என்றேன்.

"எங்க ரோட்டுக்கு என்ன கலரு மாமா?"

"உங்க ரோட்டுக்குக் கலரே இல்லம்மா. அது தோட்டத்தோட சொந்த ரோடு. படத்துலயே வராது."

"அப்ப நீங்க எப்படி வந்தீங்க?" என்றாள். எனக்குக் கொட்டாவி வந்துவிட்டது.

மறுநாள் சடங்கு நன்றாக நடந்தது. லயத்துப் பெண்கள் குலவையிட்டார்கள். என் சீர்த்தட்டுகளை எண்ணிப் பார்த்த ஒரு கிழவர், "கடல் தாண்டி வந்ததுல பாதி கடல்ல விழுந்திருச்சோ?" என்று கேட்டார். கருவாட்டுக் குழம்பு பிரமாதம். எல்லாம் முடிந்து பந்திப் பாயைச் சுருட்டும்போதுதான் விஷயம் தெரிந்தது. அட்டன் பள்ளிக்கூடத்துக்கு இனிமேல் பூரணம் போகப் போவதில்லை.

"வயசுக்கு வந்த புள்ளய எப்படிடா தனியா அனுப்புறது?" என்றாள் அக்கா. "சங்கிலி வரைக்கும் அம்புட்டுத் தூரம். ரோட்டுல லாரிக்காரன் நிப்பான், காவக்காரன் நிப்பான். ஆளில்லாத ரோடு. பஸ் வாசலுக்கு வந்தா அனுப்புறேன். வராது. அவ்வளவுதான்."

பூரணம் பள்ளிக்கூடப் புத்தகங்களுக்கு ஒவ்வொன்றாக அட்டை போட்டுக்கொண்டிருந்தாள். போகாத பள்ளிக்கூடத்துக்கு எதற்கு அட்டை என்று யாரும் கேட்கவில்லை. எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. வாசலுக்கும் அடுப்படிக்குமாக நடந்தேன். "உக்காருடா, தரை தேஞ்சு போவுது" என்றாள் அக்கா. குடையை எடுத்துக்கொண்டு நானா கடைக்கே போய்விட்டேன்.

அங்கே ஒரு செய்தி காத்திருந்தது. அந்த ரோட்டைச் சர்க்கார் ஏற்று நடத்த வேண்டும் என்று நானா எப்போதோ மனுப் போட்டிருந்தாராம். அதற்காக ரோட்டு ஆபீசிலிருந்து ஒருவர் வந்து, அந்த வாரம் ஒருநாள் சங்கிலியை அவிழ்த்துவைத்து, போகிற வருகிற வண்டிகளை எண்ணப் போகிறாராம். போதுமான போக்குவரத்து இருந்தால் ரோடு பொது ரோடாகும். பொது ரோடானால் பஸ் வரும்.

"ஆனா தம்பி, இதில வண்டியே வாறல்லயே. சங்கிலி இரிக்கக்குள்ள எப்பிடி வரும்? வண்டி வராட்டி சங்கிலி எப்பிடி அவிழும்?"

உலகத்து டிராபிக் நிபுணர்களெல்லாம் தலையைப் பிய்த்துக்கொள்ளும் கேள்வியை நானா தேத்தண்ணீர் ஆற்றிக்கொண்டே கேட்டுவிட்டார். விடை என்னிடம் தயாராக இருந்தது. என் தொழிலாயிற்றே! மேசையில் சிந்திய தேத்தண்ணீரை விரலால் இழுத்து ரோடு போட்டேன். "இந்த ரோடு அந்தப் பக்கமும் ஒரு சர்க்கார் ரோட்டைத் தொடுது. முட்டுச்சந்து இல்லை, ஊடே போற ரோடு. ஜாதகம் நல்ல ஜாதகம். எண்ணிக்கைதான் குறைச்சல். எண்ணுற அன்னைக்கு மட்டும் நாம ஓட்டிக் காட்டிட்டா, தரம் உசந்துடும்."

"ரோட்டுக்கும் உசந்தது தாழ்ந்தது பாக்கிறீங்களா?" என்றார் நானா. "மனுசருக்குப் பாத்தது போதாதா?"

இருந்தாலும் தன் வேனைத் தருவதாகச் சொன்னார். அதற்குப் பிறகு என்னைப் பிடிக்க முடியவில்லை. லயம் லயமாக அலைந்தேன். காய்கறிக்காரரின் மாட்டுவண்டி சேர்ந்தது. தோட்டத்துக் கொழுந்து லாரியின் டிரைவர் ஒரு நடைக்கு இரண்டு நடை போவதாக ஒப்புக்கொண்டார். சைக்கிள் வைத்திருந்த அத்தனை பேரும் வருவதாகச் சொன்னார்கள். மாரியம்மன் கோயில் சப்பரத்துக்கு நாலு சக்கரம் இருப்பதைப் பார்த்துவிட்டேன். அதையும் இழுக்கலாமே என்றேன். கோயில் கங்காணிக்குக் கோபம் வந்துவிட்டது.

"ஆத்தா ஆடி மாசம்தாங்க வெளிய வருவா. உங்க ரோட்டுக் கணக்குக்கெல்லாம் வரமாட்டா."

"ஆத்தாளுக்கும் பஸ் வந்தா சௌகரியந்தானே?"

"அவளுக்குச் சிங்கம் இருக்குங்க" என்று கதவைச் சாத்திவிட்டார்.

அந்த நாள் விடிந்தது. சங்கிலி அவிழ்ந்து தூணடியில் கிடந்தது. அதைப் பார்க்கவே ஒரு கூட்டம். ஆபீஸ் ஆள் ஓர் இளம் சிங்கள மாத்தயா, நம் பேச்சில் ஐயா. அவர் நானா கடையின் பலகையை இழுத்துப் போட்டுக்கொண்டு தார்ப்பாயின் கீழ் உட்கார்ந்தார். சக்கரம் வைத்தது எது போனாலும் ஒரு கோடு. மனிதர்களுக்குக் கோடு கிடையாது. மனிதர்கள் போக்குவரத்தில் சேர்த்தி இல்லை, எங்கள் ஆபீசிலும் அப்படித்தான்.

காலையில் நானாவின் வேன் இறங்கிற்று. சற்றுப் பொறுத்து ஏறிற்று. மறுபடி இறங்கிற்று. மாத்தயா கோடு போட்டுக்கொண்டே சிங்களத்தில் ஏதோ சொன்னார். நானா மொழிபெயர்த்தார்: "இந்த வேன் வீட்டில எதையோ மறந்து மறந்து திரும்பிப் போகுதாம்." ஆனால் மனிதர் நல்லவர், கோட்டைப் போட்டுவிட்டார்.

பெரிய படை மத்தியானத்துக்குத்தான் ஏற்பாடு. கொழுந்து நிறுத்து முடிந்ததும் லாரி, அதன் பின்னால் வண்டி, அதன் பின்னால் சைக்கிள்கள். வேடிக்கை பார்க்கப் பெண்கள் கம்பளியைத் தலையில் போட்டுக்கொண்டு ரோடு முழுக்க வந்துவிட்டார்கள். அக்காவும் பூரணமும் வந்தார்கள். மழை வலுத்தது. குடையை விரித்துப் பிடித்து, ரோட்டின் நடுவில் நின்று, கல்யாண வீட்டுச் சம்பந்தி மாதிரி கையை ஆட்டிக்கொண்டிருந்தேன்.

அப்போது மேலேயிருந்து கார் சத்தம் கேட்டது.

ரோடு காலியாயிற்று. பெண்கள் கானுக்குள் இறங்கினார்கள். லாரி பின்னாலேயே ஊர்ந்து போய் ஒதுக்கில் நின்றது. காய்கறிக்காரர் மாட்டை அவிழ்த்துக்கொண்டு சரிவில் ஏறிவிட்டார். வேன் நானா கடைக்குப் பின்னால் மறைந்தது. மச்சான், சைக்கிள் ரோட்டில் நின்றால் மரியாதை இல்லை என்று அதைத் தோளில் தூக்கிக்கொண்டு கானுக்குள் நின்றார். சக்கரம் இரண்டும் வானத்தைப் பார்த்துச் சுற்றிக்கொண்டிருந்தன.

துரையின் கார் வந்தது. போகும் என்று பார்த்தால், தூணருகே நின்றுவிட்டது. துரை கண்ணாடியை இறக்கிப் பைப்பைப் பற்றவைத்து, மடியில் பத்திரிகையை விரித்துக்கொண்டார். கார் நின்றது. மழை நின்றபாடில்லை. கார் நிற்கும்வரை இவர்களும் நின்றார்கள். ஒதுங்கியவர்கள், கார் போன பிறகுதான் ஏறுவது வழக்கம். கார் போகாவிட்டால் என்ன செய்வது என்று வழக்கத்தில் இல்லை.

நான் எங்கே என்று கேட்கிறீர்களா? மச்சானுக்குப் பக்கத்தில்தான். கானுக்குள். தண்ணீர் செருப்பில் புகுந்து வெளியே வந்துகொண்டிருந்தது. குடை கக்கத்தில் மடங்கிக் கிடந்தது. யாரும் என்னை இறங்கச் சொல்லவில்லை. எப்போது இறங்கினேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

"மாமா" என்று பின்னால் மெதுவாகக் குரல். பூரணம். "குடைய மடக்கிட்டீங்களா?"

நான் குடையைக் கக்கத்தில் இன்னும் இறுக்கி இடுக்கிக்கொண்டேன்.

நடுவில் ஒருமுறை துரை தலையை நீட்டி, ஏதாவது போகிறதா என்று மாத்தயாவை ஆங்கிலத்தில் கேட்டார். "நீங்கள் வந்த பிறகு ஒன்றும் இல்லை, சார்" என்றார் அவர். "நானும் அப்படித்தான் நினைத்தேன்" என்று சொல்லித் துரை பத்திரிகையைப் புரட்டினார். ஏறிப் போய் நாலு வார்த்தை பேசிவிட வேண்டும் என்று எனக்குள் ஒரு துடிப்பு. ஆங்கிலம் தெரிந்தவன் அந்தக் கானில் நான் ஒருவன்தான். வாக்கியம்கூடத் தயார். வினைச்சொல்லைத் தேடிக்கொண்டிருந்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. மாத்தயா தார்ப்பாயைச் சுருட்டினார். துரை காரைக் கிளப்பிக்கொண்டு போனார். காவல்காரன் சங்கிலியை மாட்டினான். பிறகுதான் எல்லோரும் ரோட்டுக்கு ஏறினோம்.

நானா கடையில் அன்று தேத்தண்ணீரோடு பழியும் பரிமாறப்பட்டது.

"லாரி ஏன் ஒதுங்கிச்சு?"

"மாடு ஏன் மலை ஏறிச்சு?"

"அத விடுங்கப்பா, கணக்கப்புள்ள சைக்கிள்ல போவாருன்னு பாத்தா, சைக்கிளுல்ல அவர் மேல போவுது!"

"தொரைக்குத் தெரிஞ்சுதான் வந்தாரா?" என்று கேட்டேன்.

மச்சான் தோளைத் தேய்த்துக்கொண்டார். "அவருக்கு நம்மளத் தெரியும் மாப்புள. நமக்குத்தான் தெரியாமப் போச்சு."

மாத்தயா போகும்போதே சொல்லிவிட்டுப் போயிருந்தார், இந்தக் கோடுகளை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது என்று. ஆக ரோடு இருந்த தரத்திலேயே இருக்கும். பஸ் வராது. வழி முழுக்கப் பூரணத்திடம் எப்படிச் சொல்வது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டே வீட்டுக்கு வந்தேன். அவளும் அங்கே கானில் நின்றவள்தானே என்பது மறந்துபோயிற்று. நான் வாயைத் திறப்பதற்குள் பூரணம், "தெரியும் மாமா. தலையத் துவட்டுங்க" என்றாள்.

அடுத்த நாள் முழுக்க எனக்கு ஜலதோஷம். வெந்நீரில் காலை வைத்துக்கொண்டு, எழுந்து நடக்கவும் முடியாமல் தவித்தேன். அப்போது லயத்திலிருந்து ராக்கம்மா வந்தாள். கொழுந்து பறிக்கும் பெண். குரல் இரண்டு மலைக்குக் கேட்கும். வாசலில் நின்றே ஆரம்பித்தாள்.

"அக்கா, புள்ளய ரோட்டுல அனுப்பத்தானே பயம்? எங்க கூட மலையோட அனுப்புங்க. விடியப் பெரட்டுக்களத்துல வேலைக்குப் பேர் கொடுத்துட்டு, தேயிலைக்குள்ளாற குறுக்கால மேல போவோம். அந்த உச்சியில இருந்து இறங்கினா பெரிய ரோடு. பஸ்ஸுல ஏத்திவிட்டுட்டு நாங்க கொழுந்து நெரைக்குப் போறோம். சாயங்காலமும் அப்படியே. எங்க கூட்டத்தப் பாத்தா அட்டப்பூச்சியே ஒதுங்கும், லாரிக்காரன் எம்மாத்திரம்!"

இதற்குப் பின்னால் யார் இருக்கிறார்கள் என்று பூரணம் பாத்திரம் கழுவுகிற சத்தத்திலேயே தெரிந்தது. ஒரே தட்டை எவ்வளவு நேரம் கழுவுவாள்!

அக்கா யோசித்தாள். மச்சான்தான் முகத்தைச் சுளித்தார். "கணக்கப்புள்ள மக, கொழுந்துக்காரிகளோட போறதா? நல்லாவா இருக்கும்? நாளைக்கு நான் எப்படி அவங்கள வேல வாங்குறது?"

அக்கா ஊதுகுழலைக் கீழே வைத்தாள். "ஏங்க, நேத்து சைக்கிளத் தோள்ல வச்சுக்கிட்டு நின்னீங்களே. அப்ப உங்களுக்கு அந்தப் பக்கம் நின்னது யாரு?"

"மாப்புள" என்றார் மச்சான்.

"இந்தப் பக்கம்?"

அவர் வாயைத் திறக்கவில்லை. ராக்கம்மா திறந்தாள். "நாந்தான். நல்லா நனைஞ்சோம், இல்லீங்களா கணக்கப்புள்ள அய்யா?"

அக்கா சிரித்தாள். நான் வந்த நாளிலிருந்து அவள் சிரித்து அப்போதுதான் பார்த்தேன். மச்சான் வெளியே போய்ச் சைக்கிளைத் துடைக்க ஆரம்பித்தார். சரி என்பதற்கு அந்த வீட்டில் அதுதான் அடையாளமாம்.

"பொங்கல் வரைக்கும் பாப்போம்" என்றாள் அக்கா. "அட்ட கடிச்சுதுன்னு வந்து நின்னா அத்தோட சரி."

நான் ஊர் திரும்புகிற காலை, பூரணம் மறுபடியும் பள்ளிக்கூடம் போகிற முதல் காலை. ரோட்டோடு வருகிறேன் என்றேன். அக்கா விடவில்லை. நானும் குறுக்குப் பாதையில் போய்ப் பெண்ணைப் பஸ் ஏற்றிவிட்டு, அதே பஸ்ஸில் அட்டனுக்குப் போக வேண்டும் என்று உத்தரவு. பனி இன்னும் விலகவில்லை. கூடைகள் முதுகில் தொங்க, பெண்கள் பேசிக்கொண்டும் ஒருத்தியை ஒருத்தி கேலி செய்துகொண்டும் தேயிலைச் செடிகளுக்கு நடுவே ஏறினார்கள். பாதை ஒரு பாதம் வைக்கிற அகலம்தான். சில இடத்தில் அதுவும் இல்லை. நான் இரண்டு இடத்தில் வழுக்கி, ஓரிடத்தில் உட்கார்ந்தே இறங்கினேன். அட்டைகள் மற்ற எல்லோரையும் விட்டு மெட்ராஸ் இரத்தத்தையே தேடி வந்தன.

"அய்யா ரோட்டுல நடந்து பழகின காலு" என்றாள் ராக்கம்மா.

"கான்லயும் நின்னு பழகியாச்சு" என்றாள் இன்னொருத்தி. மலை முழுக்கச் சிரித்தது.

பூரணம் எனக்கு முன்னால் நடந்தாள். பாவாடை தாவணி, நெஞ்சோடு புத்தகங்கள். ஒரு தடவைகூட வழுக்கவில்லை. உச்சியில் நின்று திரும்பிப் பார்த்தபோது, கீழே துரையின் ரோடு வளைந்து வளைந்து கிடந்தது. அழகான ரோடு, நல்ல சரிவு, ஒழுங்கான கான். அதில் ஒருவருமில்லை.

பெரிய ரோட்டுக்கு இறங்கினோம். நானா கடைப் பக்கமிருந்து பஸ் வருகிற உறுமல் கேட்டது. காலில் ஒட்டியிருந்த கடைசி அட்டையைப் பிடுங்கிப் போட்டேன். ஏதாவது செய்தாக வேண்டும் என்று மனம் பரபரத்தது. ஊருக்குப் போய் முதல் வேலையாக இந்த மலையை ஒரு நல்ல தாளில் வரைந்து, இந்தக் குறுக்குப் பாதையையும் அதில் போட்டு அனுப்புகிறேன் என்று பூரணத்திடம் சொன்னேன். உலகத்திலேயே முதல் தடவையாக ஒரு படத்தில் வரட்டும். சிவப்பா, மஞ்சளா, உனக்குப் பிடித்த நிறத்தைச் சொல், தீட்டிவிடுகிறேன் என்றேன்.

அவள் புத்தகங்களை மறு கைக்கு மாற்றிக்கொண்டாள்.

"தீட்டாதீங்க மாமா, சங்கிலி போட்டுருவாங்க."